திருப்பிக் கொடுக்கும் நாள்

பொன்னாடை போர்த்தியாகிவிட்டது. பூங்கொத்தும் கொடுத்தாகிவிட்டது. குத்துவிளக்கு ஏற்றும்போது மின்விசிறிக் காற்றில் மெழுகுவர்த்தி அணைந்துபோக, கல்லூரி முதல்வர் அம்மா அதைச் சகுனமாக எடுத்துக்கொள்ளாதவர் போலச் சிரித்துச் சமாளித்ததும் ஆகிவிட்டது. இனி மேடையில் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. திருவிழாக் கூட்டத்தில் நாள் முழுக்க நிற்கச் சொன்னால் இன்ஸ்பெக்டர் ஜெயசீலி நிற்பாள். இப்படி முதுகை நிமிர்த்தி, முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்து, முன்னால் இருக்கும் முந்திரிப் பருப்பைத் தொடலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டு உட்காருவதுதான் அவளுக்கு ஆகாது. அதிலும் இன்றைக்கு. கால்சட்டைப் பையில் செல்போன் சத்தமில்லாமல் கிடந்தது. அது அதிராதவரைக்கும் நல்லதுதான், ஸ்டேஷனில் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம். இல்லை, நடந்துவிட்டது, ரைட்டர் வனராஜுக்குச் சொல்லத்தான் தோன்றவில்லை என்றும் அர்த்தம் இருக்கலாம். மெழுகுவர்த்தி அணைந்ததும் யாரோ ஓடிப்போய் மின்விசிறியை நிறுத்தினார்கள் இல்லையா, அப்போது பார்த்தாள், இறக்கையில் சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்தது: உபயம், தெய்வேந்திரன், ஏலத்தோட்டம். விளக்கு ஏற்றி முடித்ததும் மறுபடி சுற்றவிட்டார்கள், எழுத்து மறைந்துபோயிற்று. ஆனால் படித்தது படித்ததுதானே, இப்போது அந்த ஆள் தலைக்கு மேல் உட்கார்ந்து சுற்றுகிற மாதிரி அவளுக்கு இருந்தது. ஊரில் அவர் பெயர் எழுதாத இடம் எது? பஸ் நிலைய நிழற்குடை, அரசு ஆஸ்பத்திரி பெஞ்சு, ஏன், ஸ்டேஷனில் தண்ணீர் சுத்தம் பண்ணுகிற இயந்திரம்கூட அவர் வாங்கிக் கொடுத்ததுதான். இன்றைக்கு அவர் அங்கே வந்து அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தன் துப்பாக்கியைக் கேட்பார்.

கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் கொண்டுவந்து ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், தேர்தல் முடிந்து நடத்தை விதிகள் விலகியதும் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் சட்டம், இதில் இன்ஸ்பெக்டருக்கு யோசிக்க ஒன்றுமில்லை. மூன்று மாதமாக ஆயுத அறையில் வரிசையாகச் சாத்திவைத்திருந்தார்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் நூல் கட்டி அட்டையில் பெயர் எழுதி. காலையில் அறையைத் திறந்தபோதே வேட்டி சட்டையில் பெரிய மனிதர்கள் நான்கு பேர் வெளியே காத்திருந்தார்கள், பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தவர்கள் மாதிரி. ஒருவர் தன்னுடையதை வாங்கியதும் குழலை முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, எண்ணெய் போடாம வச்சிருக்கீக" என்று கோபித்துக்கொண்டார். தெய்வேந்திரன் அந்த நால்வரில் இல்லை. அவருடைய ரெட்டைக்குழல் சுவரோரத்தில் நின்றது, மற்றவற்றைவிடப் பளபளப்பாக. ஒப்படைக்கிற அன்றைக்கும் துடைத்துத்தான் கொண்டுவந்திருப்பார். கல்லூரிக்குக் கிளம்பும் முன் அவள் வனராஜைத் தனியாகக் கூப்பிட்டு, "தெய்வேந்திரன் வந்தா உட்கார வைங்க. நான் வர்றவரைக்கும் அவர் கையில கொடுக்காதீங்க" என்றாள். "எதுக்கு மேடம், என்னான்னு சொல்றது?" என்றார் வனராஜ். "நம்பர் சரிபார்க்கணும்னு சொல்லுங்க." பொய்தான். அந்தப் பொய் எவ்வளவு நேரம் தாங்கும்? தோட்டக்கார முதலாளி எவ்வளவு நேரம் பெஞ்சில் உட்காருவார்? ஒரு டீ குடிக்கிற நேரம் உட்காருவார். அப்புறம் டி.எஸ்.பி.க்குப் போன் போடுவார். டி.எஸ்.பி. வனராஜுக்குப் போன் போடுவார். இவள் இங்கே முந்திரிப் பருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"உலக அமைதிக்காகக் கண்டம் கடந்து சென்ற வீரத் தமிழச்சி" என்று தொகுத்து வழங்கும் பெண் அறிமுகம் செய்துகொண்டிருந்தாள், கீழே கைதட்டினார்கள். ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டில், உள்நாட்டுச் சண்டை ஓய்ந்த சமயம், ஐ.நா. படையோடு ஒரு வருஷம் போலீஸ் வேலை பார்த்துவிட்டு வந்தவள் ஜெயசீலி. அந்த நீலத் தொப்பிக்காகத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். மாணவர்கள் நடத்தும் மாதிரி ஐ.நா. சபை. தனியார் கையில் துப்பாக்கி இருப்பதை உலகம் முழுக்கத் தடை செய்வது என்று தீர்மானம், விவாதம், கடைசியில் ஓட்டெடுப்பு. ஆளுக்கொரு நாடு. மேசைக்கு மேசை அட்டையில் நாட்டின் பெயர். அமெரிக்காவாக உட்கார்ந்திருந்த பையனை அவளுக்குத் தெரியும், போன வாரம் ஹெல்மெட் இல்லாமல் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு வந்து பிடிபட்டவன். அவளைப் பார்த்ததும் டையைச் சரிசெய்துகொண்டு சீனாவுக்குப் பின்னால் ஒதுங்கினான். இன்னொரு நாளாக இருந்தால் அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும். சிரிக்கவும் செய்தாள், முகத்தில் சிரிப்பு ஏற்கெனவே இருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனாள். இன்னும் ஏலக்காய் வாசனை போகவில்லை. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. நேற்றுச் சாயங்காலம் மரகதவல்லி அந்தப் பொட்டலத்தை இவள் கையில் திணித்ததும், இவள் திருப்பித் திணித்ததும், அது கிழிந்து வாசல் முழுக்கக் கொட்டியதும், இரண்டு பேரும் குனிந்து பொறுக்கியதும் இப்போது நடப்பது மாதிரி இருந்தது.

மரகதவல்லி தெய்வேந்திரனின் மனைவி. ஜெயசீலி அவளைக் கோயில் விழாவில் முதல் வரிசையில் பட்டுச்சேலையில் பார்த்திருக்கிறாள், பேசியதில்லை. நேற்று சாதாரணச் சேலையில் இவள் வீட்டு வாசலில் வந்து நின்றாள், உள்ளே வரச்சொன்னால் வரவில்லை, செருப்பையும் கழற்றவில்லை. "நாளைக்கு அதைக் குடுத்துருவீகளா மேடம்?" என்றாள். எதை என்று ஜெயசீலி கேட்டாள். "அவுக துப்பாக்கியத்தான்." அப்புறம் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டே, தரையைப் பார்த்தே பேசினாள். "இந்த மூணு மாசம்தான் மேடம் நான் ராத்திரி தூங்குனது. அது வீட்டுல இல்லாதப்ப அவுக கத்துவாக, தட்டத் தூக்கி எறிவாக, அம்புட்டுத்தான், எல்லா வீட்டுலயும் நடக்குறதுதான. அது இருந்தா அவுக கத்தவே மாட்டாக. எதுத்தாப்புல உக்காந்து துடைப்பாக. எண்ணெய் போட்டு, துணி விட்டு, என்னையப் பாத்துக்கிட்டே துடைப்பாக. பேச மாட்டாக. நான் எந்திரிச்சு அடுப்படிக்குப் போனா எந்திரிச்சு அங்க வந்து உக்காந்து துடைப்பாக." சுட்டதுண்டா, நீட்டியதுண்டா, மிரட்டியதுண்டா என்று ஜெயசீலி போலீஸ்காரியாகக் கேட்டாள், இல்லை, இல்லை, இல்லை என்றாள் அவள். "ஒரு வரி எழுதிக் கொடுங்க, நான் மேல அனுப்புறேன், லைசென்ஸை நிறுத்தி வைக்கச் சொல்லலாம்." மரகதவல்லி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "எழுதிக் குடுத்துட்டு எங்க போய்ப் படுப்பேன் மேடம்?" மகனுக்குப் பெங்களூரில் வேலை, மருமகளுக்கு மாமியார் வந்தால் ஆகாது, அண்ணன் வீட்டில் தெய்வேந்திரன் கொடுத்த தறி ஓடுகிறது, இதெல்லாம் ஜெயசீலிக்குச் சொல்லாமலே தெரியும். ஊரில் இன்ஸ்பெக்டராக இருப்பதில் இது ஒரு சங்கடம், எல்லாம் தெரியும், எதையும் எழுத முடியாது. அவள் போனபின் டி.எஸ்.பி.க்குப் போன் செய்தாள். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் சிரித்துவிட்டார். "பொண்டாட்டியப் பார்த்துக்கிட்டே துப்பாக்கி துடைச்சா எந்த செக்ஷன் ஜெயசீலி?" என்றார். அது எந்த செக்ஷனிலும் வராது. இரவெல்லாம் புரண்டு பார்த்தாள், வரவில்லை.

கீழே பிரேசில் பேசி முடித்திருந்தது. எல்லாரும் ஆங்கிலத்தில் தொடங்கி, இரண்டாவது வாக்கியத்தில் மூச்சு வாங்கி, தமிழில் வந்து இறங்கினார்கள். நன்றாகத்தான் பேசினார்கள், படித்துவிட்டு வந்திருக்கிறார்கள். உலகத்தில் துப்பாக்கி செய்து விற்கிற பெரிய நாடுகள்தான் பாதுகாப்பு சபையில் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கின்றன, கசாப்புக் கடைக்காரரைச் சைவ சங்கத்துக்குத் தலைவராகப் போட்ட மாதிரி என்று ஒரு பையன் சொல்ல, கூட்டம் ஆர்ப்பரித்தது. இருக்கிற ஒப்பந்தம் எல்லாம் நாட்டுக்கு நாடு விற்பதைப் பற்றித்தான் பேசுகிறது, ஒரு தனி மனிதன் பரணில் வைத்திருப்பதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை என்றாள் கென்யா. பொருளாதாரத் தடை போடலாம் என்றது ஜப்பான். போட்டால் பாதிக்கப்படுவது துப்பாக்கி வைத்திருப்பவனா, ரொட்டி வாங்கப் போகிறவனா என்று திருப்பிக் கேட்டது எகிப்து. அமெரிக்கா எழுந்து, தன் நாட்டில் மனிதர்களைவிடத் துப்பாக்கிகள் அதிகம், எண்ணி முடிப்பதற்குள் தீர்மானம் செல்லரித்துப்போகும் என்று சொல்லிவிட்டு ஜெயசீலியைப் பார்க்காமல் உட்கார்ந்தது. பையில் போன் அதிர்ந்ததா? தொடையில் ஏதோ துடித்தது. கையை மேலே வைத்துப் பார்த்தாள். இல்லை, தசைதான். பக்கத்தில் முதல்வர் அம்மா குனிந்து, "பசங்க எப்படி மேடம்?" என்றார். "பிரமாதம்" என்றாள். ஸ்டேஷன் பெஞ்சில் தெய்வேந்திரன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பது கண்ணுக்குள் தெரிந்தது, கண்ணை மூடினால் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

அந்த நாட்டில் அவர்கள் துப்பாக்கி சேகரித்ததை இந்தப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? தகரக் கொட்டகைக்குக் கீழே மேசை போட்டு உட்காருவார்கள், அவளும் ஒரு நேபாளத்துக்காரரும். துப்பாக்கி கொடுத்தால் அரிசி மூட்டையும் மண்வெட்டியும் கொடுப்பார்கள். கொண்டுவந்து கொடுத்தால் வாங்கலாம், வீட்டுக்குள் போய்த் தேட அதிகாரம் கிடையாது. கொண்டுவந்தார்கள், ஆமாம், வரிசையில் நின்று கொண்டுவந்தார்கள், எல்லாம் துரு. விசை உடைந்தது, குழல் வளைந்தது, கட்டை கறையான் தின்றது. நல்லது வீட்டில் இருந்தது, எல்லாருக்கும் தெரியும், நேபாளத்துக்காரருக்குத் தெரியும், கொடுத்துவிட்டு அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றும்போது கண்ணடிக்கிறவனுக்கும் தெரியும். கடைசியில் விழா. தலைநகரத்திலிருந்து மந்திரி வந்தார், சேர்த்த துப்பாக்கிகளைக் குவித்துத் தீ வைத்தார்கள், பாட்டு, நடனம், போட்டோ. மரக்கட்டை எரிந்தது. இரும்பு எரியுமா? மறுநாள் காலையில் போய்ப் பார்த்தபோது சாம்பலில் குழல்கள் பாதிக்கு மேல் இல்லை, எவனோ பொறுக்கிக்கொண்டு போய்விட்டான். ஐ.நா.வுக்குச் சாம்பலைக் காவல் காக்க ஆள் இல்லை. அறிக்கையில் அழிக்கப்பட்டவை என்ற தலைப்பின் கீழ்தான் அவையும் போயின. நேபாளத்துக்காரர் தன் ஊர்த் தேயிலையைக் கொதிக்கவைத்துக் கொடுத்து, "சிஸ்டர், நாம் உலகத்தின் சார்பாக வந்திருக்கிறோம், ஆனால் உலகம் வரவில்லை" என்றார். அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரித்தார்கள். இங்கே அவளுக்கு உலகம் வேண்டாம், ஒரு மாவட்டம் போதும், மாவட்டத்தில்கூட ஒரே ஒரு வீடு, ஒரு வீட்டில் ஒரே ஒரு ரெட்டைக்குழல். அதற்கே வழியில்லை. ஸ்டேஷனும் அவளுடையது, சாவியும் அவளிடம், இடுப்பில் அரசாங்கம் கொடுத்த பிஸ்டல் வேறு. இத்தனையும் வைத்துக்கொண்டு அவளால் செய்ய முடிந்தது நம்பர் சரிபார்க்கணும் என்ற ஒரு பொய்.

இப்போது நிஜமாகவே அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் மேடை மரியாதை என்ன ஆவது, பார்க்காவிட்டால் இவள் உயிர் என்ன ஆவது? மேசைக்குக் கீழே இழுத்துப் பார்ப்பதற்குள் நின்றுவிட்டது. வனராஜ்தான். குறுஞ்செய்தி அனுப்பத் தெரியாத மனிதர், வாட்ஸப்பில் காலை வணக்கம் மட்டும் ரோஜாப்பூவோடு அனுப்புவார். தெய்வேந்திரன் வந்துவிட்டார், அப்படித்தான் இருக்கும். வந்து, உட்கார்ந்து, எழுந்து, சத்தம் போட்டு, டி.எஸ்.பி. பேசி, வாங்கிக்கொண்டு போயே போய்விட்டார். இப்போது கார் தோட்டத்துப் பாதையில் ஏறிக்கொண்டிருக்கும். பின் சீட்டில் அது படுத்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் எண்ணெய் எங்கே என்பார். மரகதவல்லி எடுத்துக் கொடுப்பாள். கொடுக்காமல் இருக்க முடியுமா? இன்றைக்கு ஒன்றும் நடக்காது, நாளைக்கும் நடக்காது, அவர் துடைப்பார், அவள் பார்ப்பாள், என்றைக்கோ ஒரு நாள் இவள் ஜீப்பில் அங்கே போய் இறங்குவாள், அப்போது எந்த செக்ஷன் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது என்று ஜெயசீலி தனக்குள் சொல்லிப் பார்த்தாள். சொன்னதும் குறைகிறதா என்று பார்த்தாள், குறையவில்லை.

"நார்வே" என்று அழைத்தார்கள். ஒல்லியான பெண், கண்ணாடி போட்டவள், காகிதத்தைக் கையில் எடுக்காமலே எழுந்தாள். "இங்க எல்லாரும் எப்படித் தடை பண்றதுன்னு பேசினாங்க. நான் ஒண்ணுதான் கேக்குறேன். தடை பண்ணிட்டோம். சரி. அப்புறம் ஒருத்தர் வீட்டுக் கதவைத் தட்டணும்ல? யார் தட்டுறது? அந்த ஊர் போலீஸ்தான் தட்டணும். அந்த ஊர் போலீஸ் தட்டாதுன்னா ஐ.நா. என்ன பண்ணும்? கடிதம் போடும்." கூட்டம் சிரித்தது, அவள் சிரிக்கவில்லை. "அதனால முடியாதுன்னு சொல்ல வரலை. முடியாதுன்னு தெரிஞ்சும் தீர்மானத்துக்கு ஆதரவாத்தான் ஓட்டுப் போடப்போறேன். அப்பத்தான் நாளைக்கு ஒரு ஊர்ல ஒரு போலீஸ் தட்டணும்னு நினைச்சா, அவங்க பின்னாடி ஒரு காகிதமாவது இருக்கும். மேடம் இதையெல்லாம் நேர்ல பார்த்தவங்க. அவங்களே சொல்லட்டும், முடியுமா, முடியாதா?" எல்லா நாடுகளும் ஒரே நேரத்தில் மேடையைத் திரும்பிப் பார்த்தன. முதல்வர் அம்மா மைக்கை இவள் பக்கம் நகர்த்தினார். ஜெயசீலி எழுந்தாள். பொன்னாடை நழுவியது, பிடித்தாள். "எல்லாருக்கும் வணக்கம்" என்றாள். எழுதிவைத்திருந்த உரை சட்டைப் பையில் இருந்தது, ஒப்பந்தம், கண்காணிப்பு, பன்னாட்டு ஒத்துழைப்பு, எல்லாம் இருந்தது. "நல்ல கேள்வி கேட்டிருக்காங்க" என்றாள். பையில் மறுபடி அதிர்ந்தது, நிற்காமல் அதிர்ந்தது. "முடியுமான்னு..." என்று தொடங்கி, அந்தச் சொல்லை எங்கே கொண்டுபோய் விடுவது என்று தெரியாமல் நின்றாள். "மன்னிக்கணும், ஸ்டேஷன்ல ஒரு அவசரம். நீங்க ஓட்டெடுப்பை முடிங்க, நான் வந்து பதில் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் பக்கவாட்டுப் படியில் இறங்கி வராந்தாவுக்கு வந்துவிட்டாள். முதல்வர் அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை.

"சொல்லுங்க வனராஜ். கொடுத்துட்டீங்களா?" "கொடுத்தாச்சு மேடம். ஆனா நீங்க சொன்ன மாதிரி அவரு கையில கொடுக்கல." "பிறகு?" "அந்தம்மா வந்தாங்க மேடம், அவரு வீட்டம்மா. நீங்க கிளம்புன கொஞ்ச நேரத்துலயே. லைசென்ஸு, ரசீது எல்லாம் கொண்டாந்தாங்க. அவங்க பேரும் லைசென்ஸுல இருக்குல்ல? அவரு கையிலதான கொடுக்க வேணாம்னீங்க, நானும் சரி, இந்தம்மாகிட்ட கொடுக்கச் சொல்லித்தான் அப்படிச் சொல்லிட்டுப் போறீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்." ஜெயசீலிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஆமாம், இருக்கிறது. தோட்டத்துக்குக் காட்டுப்பன்றி வருகிறது என்று வாங்கிய லைசென்ஸ் அது, இந்த மாவட்டத்துக்குள் மட்டும்தான் செல்லும். உரிமையாளர் இல்லாதபோது வைத்துக்கொள்ள ஒருவர் பெயரைச் சேர்க்கலாம், மலையில் அவள் தனியாக இருக்க நேர்ந்த காலத்தில் தெய்வேந்திரன் மனைவி பெயரைச் சேர்த்திருந்தார். என் வீட்டுக்காரியும் சுடுவா என்று ஊரெல்லாம் பெருமையடித்தாராம். "அவர் வந்தாரா?" "இப்பத்தான் வந்தாரு. வீட்டம்மா வாங்கிட்டுப் போயாச்சுன்னேன். சிரிச்சாரு மேடம். அவளுக்கு அம்புட்டு அக்கறையான்னு சிரிச்சுக்கிட்டே போனாரு. போன வேகத்துல திரும்பி வந்துட்டாரு. வீட்டுல அந்தம்மாவும் இல்லையாம், பொருளும் இல்லையாம். இங்க நின்னு கத்துறாரு. என்ன பண்ணட்டும்?" தண்ணீர் கொடுங்க என்று சொல்லிவிட்டு வைத்தாள். இதுவரை பயம் ஒரு திசையில் இருந்தது, இப்போது எந்தத் திசையில் பயப்படுவது என்றே தெரியவில்லை. துப்பாக்கியோடு ஒரு பெண்ணைக் காலையிலிருந்து காணவில்லை. தோட்டத்துக் கிணறு, ரயில் தண்டவாளம், எதை எதையோ நினைத்தாள். நேற்று வீட்டு வழி கேட்டு மரகதவல்லி கூப்பிட்ட எண் போனில் இருந்தது. அதை அழுத்தினாள்.

எடுத்தாள். பின்னால் பஸ் சத்தம், ஹாரன், யாரோ குழந்தையை அதட்டும் சத்தம். "மேடமா?" என்றாள் மரகதவல்லி, ரொம்பச் சாதாரணமாக. "எங்க இருக்கீங்க? அது எங்க இருக்கு?" "மதுரை பஸ்ஸுல இருக்கேன் மேடம். அது மடியிலதான் இருக்கு. கழட்டி, பாய்க்குள்ள வச்சுச் சுருட்டிக் கொண்டாந்தேன். கண்டக்டர் பாய்க்கு லக்கேஜ் போடணும்னாரு, போட்டேன்." தோட்டா இருக்கிறதா என்று கேட்டாள், இல்லை, தோட்டாவை வாங்கவே இல்லை, ஸ்டேஷன்ல ஐயா எடுத்துக் கொடுத்தாக, வேண்டாம்னுட்டேன் என்றாள். ஜெயசீலிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொண்டாள். "மதுரையில எங்க போறீங்க?" "அதைத்தான் மேடம் யோசிச்சுக்கிட்டே வாரேன். துப்பாக்கிக் கடையில குடுத்தா அவுக போய் ரசீதக் காட்டி வாங்கிருவாக. கிணத்துல போட்டா, தொலைஞ்சுபோச்சுன்னு உங்ககிட்ட எழுதிக் குடுத்துட்டு வேற வாங்கிக்கிருவாக. ஸ்டேஷன்ல குடுத்தோம், தேர்தல் முடிஞ்சதும் நீங்களே திருப்பிக் குடுத்துட்டீக. நீங்க வெளிநாடெல்லாம் போய் வந்தவுக, சொல்லுங்க மேடம், இதை எங்க குடுத்தா திருப்பிக் குடுக்க மாட்டாக?" உள்ளே ஓட்டெடுப்பு முடிந்துவிட்டது போல. ஒலிபெருக்கியில் தொகுப்பாளினியின் குரல் பெருத்த மகிழ்ச்சியோடு, உலகம் முழுவதும் தனியார் துப்பாக்கிகள் இன்று முதல் தடை செய்யப்படுகின்றன என்றது, மண்டபம் முழுக்கக் கைதட்டியது, விசிலடித்தது. "என்னா மேடம், கைதட்டுறாக?" என்றாள் மரகதவல்லி. "ஒண்ணுமில்ல. பிள்ளைங்க" என்றாள் ஜெயசீலி. மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது, அதை ஓடவிடக் கூடாது என்றும் இருந்தது. "பஸ் எங்க வந்துக்கிட்டிருக்கு?" "ஆண்டிபட்டி தாண்டி, கணவாய் ஏறுது."

கணவாயைத் தாண்டினால் வேறு மாவட்டம். சொல்லலாமா? ஒரு போலீஸ்காரி சொல்லக்கூடிய விஷயமா இது? இறங்குங்க, அங்கேயே நில்லுங்க, ஜீப்பில் வருகிறேன் என்பதுதான் சொல்ல வேண்டியது. வந்து என்ன செய்வாய் ஜெயசீலி, வாங்கிக்கொண்டுபோய் மறுபடி அட்டை கட்டிச் சாத்திவைப்பாய், அந்த ஆள் மறுபடி வந்து கேட்பார், அப்புறம்? "கேட்டுக்கோங்க" என்றாள், தன் குரல் தனக்கே அந்நியமாக இருந்தது. "அந்த லைசென்ஸ் நம்ம மாவட்டத்துக்குள்ளதான் செல்லும். கணவாய்க்கு இந்தப் பக்கமே இறங்கிட்டீங்கன்னா ஒண்ணும் பிரச்சனையில்ல, நான் வந்து கூட்டிக்கிறேன். தாண்டிட்டீங்கன்னா அது குத்தம். அந்தப் பக்கத்து ஸ்டேஷன்ல உங்க மேலதான் கேஸ் வரும், அவர் மேல இல்ல. ஸ்டேஷன்ல உட்காரணும், கோர்ட்டுக்கு அலையணும், உங்க பேர் பேப்பர்ல வரும்." "துப்பாக்கி?" "அதைக் கோர்ட்டுல வச்சிருவாங்க. கேஸ் முடியுறவரைக்கும் யாருக்கும் கொடுக்க மாட்டாங்க." போனுக்குள் பஸ் கியர் மாற்றி முனகியது. "கேஸ் எப்ப மேடம் முடியும்?" ஜெயசீலி எத்தனையோ தடவை சாட்சிக்கூண்டில் ஏறிய கோர்ட்டுகளை நினைத்தாள், அடுத்த தேதி, அடுத்த தேதி என்று அழைப்பவரின் குரலை நினைத்தாள், துணி போட்டுக் கட்டி அடுக்கிவைத்திருக்கும் பழைய வழக்குச் சொத்துகளை நினைத்தாள். "நம்ம ஊர்ல அதெல்லாம் சொல்ல முடியாதும்மா" என்றாள். "பத்து வருஷம்கூட ஆகும்." குழந்தை அழுதது, கண்டக்டர் ஆண்டிபட்டிக் கணவாய் யாரும் இறங்குறீங்களா என்று கேட்டார்.

"நான் இறங்கல மேடம்" என்றாள் மரகதவல்லி.